கார்டு கேட்ட வோல்டேஜும் வந்து சேர்ந்த வோல்டேஜும்: மல்டிமீட்டரால் அளப்பது எப்படி?

கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்ய, அதாவது அதன் வேகத்தைக் கூட்ட, உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் 1.050 வோல்ட் வைக்கிறோம். கார்டின் நிலவரத்தைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளும் அதையே காட்டுகிறது. ஆனாலும் கேம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் விழுந்துவிடுகிறது. காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: பல என்விடியா கார்டுகளில் மென்பொருள் காட்டுவது சிப் கேட்ட வோல்டேஜைத்தான். வந்து சேர்ந்தது எவ்வளவு என்று மல்டிமீட்டர் வைத்துத்தான் பார்க்க முடியும்.

2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1080-ஐ உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 180 வாட், பவர் கேபிளுக்கு ஒரே ஒரு 8 பின் கனெக்டர். பழைய கார்டு என்பதால் கை தவறினாலும் மனசு அவ்வளவாக வலிக்காது.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

பவரை அணைத்து, பின்தகட்டைக் கழற்றுங்கள். (வாரன்டி இருந்தால் ஒருமுறை யோசித்துவிட்டுக் கழற்றுங்கள்.) சிப்புக்கு நேர் பின்னால் குட்டிக் குட்டி கெப்பாசிட்டர்கள் கூட்டமாக இருக்கும். அங்கேதான் அளக்க வேண்டும். சிப்புக்கு மின்சாரம் அனுப்பும் சோக் காயிலுக்குப் பக்கத்தில் அளந்தால் எண் கூடுதலாக வரும். 100 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.1 மில்லி ஓம் தடை இருந்தாலே 10 மில்லிவோல்ட் போய்விடும்.

எந்த முனை பாசிட்டிவ்? இணைப்பு இருந்தால் மீட்டர் எழுப்பும் பீப் சத்தத்தை நம்பாதீர்கள். சிப்பின் தடையே ஒரு ஓமுக்கும் கீழே இருப்பதால் இரண்டு முனையிலும் பீப் அடிக்கும். "கார்டு ஷார்ட் ஆகிவிட்டது" என்று பயந்துபோகிறவர்கள் நிறைய. மீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்து, ஒரு புரோபை (மீட்டர் வயரின் ஊசிமுனை) சோக்கின் வெளிவரும் முனையில் பிடித்துக்கொண்டு மற்றதால் கெப்பாசிட்டரைத் தொடுங்கள். இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் அதே எண் எங்கே வருகிறதோ, அது பாசிட்டிவ். சற்றுக் கூடினால் கிரவுண்டு.

வயரைப் பற்றவையுங்கள்

ஓடும் கார்டில் கையால் புரோபைப் பிடிக்காதீர்கள். 12 வோல்ட் பாதையும் 1 வோல்ட் பாதையும் புரோப் வழியாக ஒரு நொடி தொட்டுக்கொண்டால் கதை முடிந்தது. ஒரே கெப்பாசிட்டரின் இரண்டு முனையிலும் தலைமுடி போன்ற இன்சுலேஷன் வயரைச் சால்டர் செய்து, வெப்பம் தாங்கும் காப்டன் (Kapton) டேப் ஒட்டி, வெளியே இழுத்து மீட்டரில் மாட்டுங்கள்.

கறுப்பு வயரும் அதே கெப்பாசிட்டருக்கே போக வேண்டும். இதில் நான் ஏமாந்திருக்கிறேன். வசதியாக இருக்கிறதே என்று கறுப்பு புரோபைச் பவர் சப்ளையிலிருந்து வந்து சும்மா கிடந்த மோலக்ஸ் கனெக்டரின் கறுப்பு வயரில் சொருகினேன். கார்டுக்கு வேலை கொடுத்து லோடு போட்டதும் வோல்டேஜ் ஏறியது! அரைமணி நேரம் தலையைச் சொறிந்த பிறகுதான் புரிந்தது. கரண்ட் திரும்பிப் போகும் கிரவுண்டு வயரிலும் தடை இருக்கிறது. லோடில் கார்டின் கிரவுண்டு பவர் சப்ளையின் கிரவுண்டைவிடச் சில பத்து மில்லிவோல்ட் மேலே ஏறிவிடும். உண்மையான இறக்கத்தை அந்த ஏற்றம் மூடி மறைத்துவிட்டது.

இப்போது அளப்போம்

மீட்டரை டிசி 2 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோல்-எஃப் அழுத்தினால் வோல்டேஜ் வளைகோடு திறக்கும். 1.050 புள்ளியைத் தேர்ந்தெடுத்து 'எல்' அழுத்தினால் அது பூட்டிக்கொள்ளும். பவர் லிமிட்டை உச்சத்துக்கு ஏற்றி, ஃபேனை முழு வேகத்தில் விடுங்கள். சும்மா இருக்கும்போது ஒரு எண் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கார்டுக்கு லோடு கொடுக்கும் சோதனை மென்பொருளான யூனிஜின் ஹெவனை ஐந்து நிமிடம் ஓடவிட்டு இன்னொரு எண். சும்மா இருக்கையில் 1.046, லோடில் 1.021 என்று வந்தால் இறக்கம் 25 மில்லிவோல்ட்.

இன்னும் கடுமையாக லோடு கொடுக்கும் ஃபர்மார்க் மென்பொருள் வேண்டாம். கார்டு பவர் லிமிட்டில் முட்டி, தானே வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும். அதை இறக்கம் என்று எழுதிவிடுவோம். ஹெவன் ஓடும்போதும் ஜிபியு-இசட்டில் கார்டின் வேகத்தைத் தடுப்பது எது என்று காட்டும் பெர்ஃப்கேப் ரீசன் என்ற இடத்தைப் பாருங்கள். பவர் என்று வந்தால் அந்த அளவைத் தூக்கிப் போடுங்கள்.

மலிவு மீட்டர் போதுமா? போதும். 0.5 சதவீதப் பிழை என்றால் 1.050-இல் 5 மில்லிவோல்ட் முன்பின் இருக்கும். ஆனால் இரண்டு அளவையும் அதே மீட்டரில், அதே ரேஞ்சில் எடுப்பதால் வித்தியாசத்தில் அந்தப் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும். மைக்ரோ நொடிகளில் வந்துபோகும் பள்ளங்கள் மட்டும் இதில் தெரியாது, அதற்கு ஆசிலோஸ்கோப் வேண்டும்.

கொஞ்சம் இறக்கம் இருப்பது கோளாறு அல்ல. லோடு திடீரென்று விலகும்போது வோல்டேஜ் எகிறாமல் இருக்க, வடிவமைப்பவர்களே வேண்டுமென்று விடும் இடைவெளியும் அதில் உண்டு.

கேபிளையும் ஒருமுறை பாருங்கள்

சும்மா கிடக்கும் மோலக்ஸ் இங்கே உதவும். அதன் மஞ்சள் வயரில் கரண்ட் ஓடாததால் பவர் சப்ளையின் உள்ளே இருக்கும் வோல்டேஜை அப்படியே காட்டும். சிவப்பு புரோப் அதில், கறுப்பு புரோப் கார்டின் 8 பின்னில் உள்ள 12 வோல்ட் பின்னில். மீட்டரில் வரும் மில்லிவோல்ட்தான் கேபிளில் தொலைவது. இந்த இரண்டையும் கார்டு அணைந்திருக்கும்போதே மாட்டிவிடுங்கள். அந்த 8 பின் வழியாக 150 வாட் போகிறது என்றால் 12.5 ஆம்பியர், மூன்று 12 வோல்ட் வயருக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 4.2. 18 கேஜ் வயரின் தடை ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 21 மில்லி ஓம் என்பதால் 60 செ.மீ. கேபிளில் 50 மில்லிவோல்ட்டுக்குச் சற்று மேலே போகும். கனெக்டருக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். 200, 300 என்று காட்டினால் ஓவர்கிளாக்கை விட்டுவிட்டு, கனெக்டரைக் கழற்றிப் பின்கள் பழுப்பேறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.