பிளாட்ஃபார்ம் காலி, ஆனாலும் ரயில் அவுட்டரில் ஏன் நிற்கிறது: நீங்களே கண்டுபிடிக்க

பிளாட்ஃபார்ம் காலியாகக் கிடக்கும், ரயிலோ அவுட்டரில், அதாவது ஸ்டேஷனுக்கு வெளியே சிக்னலில், நிற்கும். காரணம் தெரிய வேண்டுமென்றால் பிளாட்ஃபார்மை விட்டுவிட்டு ஸ்டேஷனின் தொண்டையை, அதாவது வெளியிலிருந்து வரும் தண்டவாளங்கள் பிளாட்ஃபார்ம்களுக்குப் பிரியும் இடத்தை, பாருங்கள். நடைமேம்பாலத்தில் ஏறி, ரயில்கள் நுழையும் பக்கம் தெரிகிற மாதிரி ஓரமாக நின்றால் போதும்.

முதலில் எண்ணுங்கள். பத்துப் பன்னிரண்டு பிளாட்ஃபார்ம் இருக்கிற பெரிய ஸ்டேஷனுக்குக்கூட வெளியிலிருந்து வரும் தண்டவாளங்கள் பெரும்பாலும் நாலோ ஆறோதான். அவை பிரிந்து ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் எல்லாத் தகராறும். அங்கே ஒரு பாயிண்ட்டை, அதாவது ரயிலைத் தடம் மாற்றிவிடும் அமைப்பை, உற்றுப் பாருங்கள்: கூரான நாக்குத் தண்டவாளம் நகர்ந்து மறுபக்கம் ஒட்டும், பூட்டு விழும், அப்புறம்தான் சிக்னல் மாறும். ஸ்டேஷன் மாஸ்டர் அவசரப்பட்டாலும் பாயிண்ட்டையும் சிக்னலையும் ஒன்றோடொன்று பிணைக்கும் இன்டர்லாக்கிங் அமைப்பு இந்த வரிசையை மீற விடாது. எதிர்ப்பக்கம் கிளம்புகிற ரயில் உங்கள் ரயிலின் பாதையை வெட்டிப் போகிறது என்றால், அதன் கடைசிப் பெட்டி அந்த இடத்தைத் தாண்டும் வரை உங்களுக்குச் சிவப்புதான். 400 மீட்டர் நீள ரயில் 30 கி.மீ. வேகத்தில் போனால் ஓர் இடத்தைக் கடக்கவே 48 விநாடி ஆகும், அதற்குப் பிறகுதான் பாயிண்ட் திரும்பும்.

அடுத்து கடிகாரம். ரயில் பிளாட்ஃபார்மில் நிற்கும் நிமிடங்களோடு, அது கிளம்பி அடுத்தது வந்து நிற்க ஆகும் நிமிடங்களைக் கூட்டி, 60-ஐ அதால் வகுங்கள். 12 நிமிடம் நின்று, அடுத்தது வர 3 நிமிடம் ஆகும் முனையத்தில் ஒரு பிளாட்ஃபார்முக்கு மணிக்கு 4 ரயில். ஒரு நிமிடம் நின்று நேராகப் போய்விடும் வழித்தடத்தில், அடுத்தது வர 2 நிமிடம் என்றால், 20. பிளாட்ஃபார்ம் கட்டிக்கொண்டே போவதைவிட ரயிலைச் சீக்கிரம் கிளப்புவதுதான் லாபம் என்பது என் கட்சி. நெரிசலான மெட்ரோ முனையங்கள் சிலவற்றில் மறுமுனையில் வேறு ஓட்டுநர் தயாராக நிற்பார். ரயிலை ஓட்டி வந்தவர் அந்த முனைக்கு நடந்து வருவதற்குள் ரயில் திரும்பக் கிளம்பிவிடும்.

நிற்கும் நேரத்தை இழுப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கதவுதான். கடைசியாக மூடுவது எது என்று பாருங்கள், அநேகமாக மாடிப்படிக்கு நேரே இருக்கும். பார்சிலோனா, மியூனிக் போன்ற ஊர்களில் சில நிலையங்களில் தண்டவாளத்தின் இரு பக்கமும் பிளாட்ஃபார்ம் வைத்து, ஒரு பக்கம் இறக்கி மறுபக்கம் ஏற்றுகிறார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் நீங்கள் செய்யக்கூடியது, படியை விட்டு நாலு கதவு தள்ளிப் போய் ஏறுவது.