ஊர்லேர்ந்து அமெரிக்கா கிளம்புறவங்களுக்கு: குடும்பத்தோட லாங் டிரிப் போக பெரிய எஸ்யூவியா, செடானா?

லீவுக்கு வந்து தண்டையார்பேட்டை வீட்டு மொட்டை மாடில உக்காந்து இதை டைப் பண்றேன். கீழ் வீட்டுத் தம்பி பொண்டாட்டி புள்ளைங்களோட அடுத்த மாசம் டல்லாஸ் கிளம்புறான். வீடு எங்க பாக்கணும், ஸ்கூல் எப்படின்னு கேப்பான்னு பாத்தா, மொதல்ல கேட்டது "அண்ணே, போனதும் சபர்பன் மாதிரி பெருசா ஒரு வண்டி எடுத்துரலாமா, அப்பா அம்மா வந்தா எல்லாரும் ஒண்ணா போலாம்ல"ன்னு தான். சபர்பன்ங்கிறது செவ்ரோலே கம்பெனியோட ரொம்பப் பெரிய எஸ்யூவி. அவன் ஆசை எனக்கு நல்லாவே புரியுது. செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியா திருப்பதிக்கு ஒரே வேன்ல பதினோரு பேர், மடி மேல ஒரு புள்ளன்னு போய் வளந்தவங்க நாம, யாரையும் விட்டுட்டுப் போகாத அளவுக்கு வண்டி வேணும்னு தோணத்தான் செய்யும்.

அவனுக்குச் சொன்னதையே இங்க எழுதுறேன். மொத வண்டி செடானா (பின்னாடி தனி டிக்கி வச்ச சாதா கார்) எடுங்க. அப்பா அம்மாவோட கூட்டமா போற டிரிப்புக்குப் பெரிய வண்டிய வாடகைக்கு எடுங்க. வருஷத்துல ரெண்டு தடவை வர்ற டிரிப்புக்காக மீதி நாளெல்லாம் ஆஃபீஸுக்கும் மளிகைக் கடைக்கும் அவ்ளோ பெரிய வண்டிய ஓட்டிக்கிட்டு இருக்காதீங்க.

பெட்ரோல் கணக்க மட்டும் பாருங்க. அங்க மைல், கேலன் கணக்கு, ஒரு கேலன்னா 3.785 லிட்டர். 2018லேர்ந்து 2024 வரைக்கும் வந்த சாதா பெட்ரோல் கேம்ரி (டொயோட்டாவோட செடான்) டவுனும் ஹைவேயும் சேத்து கேலனுக்கு 32 மைல ஒட்டி குடுக்கும், அதாவது லிட்டருக்கு பதிமூணரை கிலோமீட்டர். எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் சபர்பன் 17 மைல ஒட்டி, லிட்டருக்கு ஏழு தான். டல்லாஸ்லேர்ந்து ஹூஸ்டன் போய் வர சுமாரா 480 மைல், கேம்ரிக்கு 15 கேலன், சபர்பனுக்கு 28. கேலன் 3 டாலர்னு வச்சுக்கிட்டா 45 டாலர் எங்க, 85 டாலர் எங்க. டயரு மாத்துறது, வண்டி விலை எல்லாமே அதே மாதிரி பெருசு தான். போன புதுசுல கிரெடிட் ஹிஸ்டரியே இருக்காது, லோனுக்கு வட்டிய ஏத்தித் தான் போடுவாங்க, அதுல இவ்ளோ பெரிய தொகைய தலைல கட்டிக்க வேணாம்.

சரி செடான் எதுவரைக்கும் தாங்கும்? நீங்க ரெண்டு பேரு, ரெண்டு புள்ளைங்க, இதுவரைக்கும் தாராளமா தாங்கும். டல்லாஸ் இருக்கிற டெக்சாஸ் மாநிலத்துல எட்டு வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்க 4 அடி 9 அங்குலம் உயரம் வரலைன்னா சைல்ட் சீட் இல்ல பூஸ்டர் சீட்ல தான் உக்காரணும், நம்மூரு மாதிரி மடில வச்சுக்கிறது கிடையாதுங்க, ஃபைன் வரும்ங்கிறத விட, ஒரு சடன் பிரேக்குல புள்ளைய கையால புடிச்சு வைக்க யாராலயும் முடியாது. அந்த சீட்டு ரெண்ட பின்னாடி மாட்டிட்டா நடுவுல ஒரு பெரிய ஆள் உக்காரவே முடியாதுன்னு வச்சுக்கோங்க, பாட்டி அரை மணி நேரம் உக்காருவாங்க, ஆறு மணி நேரம் முடியாது. அதனால ஊர்லேர்ந்து பெரியவங்க வர்ற அன்னிக்கு செடானோட எல்லை முடிஞ்சுது.

இங்க தான் எல்லாரும் ஒரு தப்பு பண்றாங்க, நானும் பண்ணேன். மூணு வரிசை சீட்டு இருந்தா ஏழு பேரும் போலாம், பெட்டியும் போகும்னு நெனச்சுக்கிறது. அப்பா அம்மா மொத தடவை வந்தப்ப லாஸ் வேகாஸ் வரைக்கும் ஃபிளைட்ல போய், அங்கேர்ந்து கிராண்ட் கேன்யனுக்கு வாடகை வண்டி போட்டேன், ஒரு 280 மைல். ஏழு சீட் எஸ்யூவின்னு தான் புக் பண்ணேன். அப்பா எண்ணூர்ல லேலண்ட்ல வேலை பாத்து ரிடையர் ஆனவரு (அந்த ஃபேக்டரில 1949ல மொதல்ல அசெம்பிள் பண்ணது லாரியே இல்ல, ஆஸ்டின் காருன்னு இன்னிக்கும் பெருமையா சொல்வாரு), சீட்டெல்லாம் பாக்கவே இல்ல, நேரா பின்னாடி போய் "டிக்கியத் தொற"ன்னாரு. தொறந்தா மூணாவது வரிசைக்குப் பின்னால ரெண்டு பெட்டி நிக்கிற இடம் தான். எங்ககிட்ட நாலு பெருசு, அது போக ரைஸ் குக்கர் பை. ஒரு பெட்டிய காலடில படுக்கப் போட்டு, ஒரு பையை அம்மா மடில வச்சுக்கிட்டே நாலரை மணி நேரம் வந்தாங்க. வாய் தொறந்து ஒண்ணும் சொல்லல, இறங்கும்போது காலை நீட்ட முடியாம கதவப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க பாருங்க, அது இன்னும் மனசுல இருக்கு.

அப்புறம் தான் நம்பர எடுத்துப் பாத்தேன். டொயோட்டாவோட மூணு வரிசை எஸ்யூவி ஹைலேண்டர்ல மூணாவது வரிசைக்குப் பின்னால இருக்கிறது 16 கன அடி. பழைய கேம்ரி டிக்கி 15 கன அடி. ஒரே ஒரு கன அடி வித்தியாசம்! ஏழு பேர் ஏறுறாங்க, பெட்டி என்னவோ செடான் அளவுக்குத் தான். சபர்பன்ல அதே இடம் 41 கன அடிக்கு மேல, அது நெஜமாவே பெரிய வண்டி. ஆனா அதுல ஏறணுமே. முட்டி வலி உள்ள அம்மாவுக்கு ஒரு கால படில வச்சு, மேல கைப்பிடிய புடிச்சு, புடவையோட உடம்ப இழுத்துப் போடணும், பெட்ரோல் பங்க், ரெஸ்ட் ஏரியான்னு ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவை. நான் பின்னாடி நின்னு தாங்கிக்குவேன், அவங்களுக்கு அதுவே கூச்சமா இருக்கும்.

அதனால நான் சொல்றது மினிவேன். ஊர்ல இருக்கிறப்ப வேன்னா ஏதோ ஸ்கூல் வண்டி மாதிரி நெனைப்போம், அங்க நெலமையே வேற. டொயோட்டாவோட மினிவேன் சியன்னாவ எடுத்துக்கோங்க, கடைசி வரிசைக்குப் பின்னாடியே 33 கன அடி, 2021 மாடல்லேர்ந்து ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினோட பேட்டரி மோட்டாரும் சேந்தது) மட்டும் தான் வருது, கேலனுக்கு 36 மைல், அதாவது பழைய பெட்ரோல் கேம்ரியவிட ஜாஸ்தி. கதவு பக்கவாட்டுல ஸ்லைடு ஆகும், தரை தாழ்வா இருக்கும், அம்மா ஷேர் ஆட்டோல ஏறுற மாதிரி சாதாரணமா ஏறி உக்காந்துட்டாங்க. ரெண்டாவது டிரிப்புல அதத் தான் எடுத்தேன், அம்மா ஒரு எடத்துலயும் என் கைய கேக்கல.

பெரிய எஸ்யூவி தேவையே இல்லன்னு சொல்ல வரல. ஆறு ஏழு பேரும் பெரியவங்க, கரடுமுரடான மண் ரோடு, பின்னாடி டிரெயிலர் இழுக்கணும், இதுக்கெல்லாம் அது தான் சரி. பனிக்காகன்னு எடுக்கிறவங்க ஒண்ண புரிஞ்சுக்கோங்க, நாலு சக்கரமும் இழுக்கிறது வண்டி கிளம்பறதுக்கும் ஏறுறதுக்கும் தான் உதவும், பிரேக் போட்டு நிக்கிறது டயர் கைல இருக்கு. கலிஃபோர்னியா மலைப் பாதைல ஆர்2ன்னு (டயருக்கு செயின் மாட்டணும்ங்கிற விதி) போர்டு போட்டுட்டா, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியா இருந்து நாலு டயரும் பனி டயரா இருந்தா தான் செயின் மாட்டாம விடுவாங்க, அப்பவும் செயின் வண்டிக்குள்ள இருக்கணும். நம்மாளுங்க பனியே பாக்காதவங்க, மொத வருஷம் அந்தப் பக்கம் ராத்திரில ஓட்டாதீங்க ப்ளீஸ்.

இன்னொரு பயம், பக்கத்துல போற பதினெட்டு சக்கர லாரி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் டிரெயிலருக்கு நடுவுல டூ வீலர் ஓட்டுன நமக்கு லாரி புதுசு இல்ல, ஆனா அங்க அது 70 மைல்ல, நம்ம கணக்குல 112 கிலோமீட்டர்ல போகும். செடான்ல உக்காந்தா அது பக்கத்துல நம்ம வண்டி சின்னதாத் தான் தெரியும். ஒரேயடியா தாண்டிப் போயிருங்க, பக்கத்துலயே ஒட்டிக்கிட்டுப் போகாதீங்க. உயரமான வண்டில ஒரு தைரியம் வரும் தான், ஆனா அதே உயரத்தால காத்து தள்ளும், வளைவுல சாயும், முன்னாடி கிட்டக்க நிக்கிற சின்னப் புள்ள பானெட்டுக்குக் கீழ மறைஞ்சுரும். வீட்டு வாசல்ல வண்டிய எடுக்கிறப்ப ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு ஏறுங்க.

வாடகைக்கு எடுக்கிறப்ப சில விஷயம். புக்கிங்ல ஒரு வண்டி படம் போட்டு "அல்லது அதே மாதிரி"ன்னு எழுதியிருப்பான், குடுக்கிறது வேறயா இருக்கும், அதனால சாவி வாங்குறதுக்கு முன்னாடியே மூணாவது வரிசைய நிமித்தி வச்சு எல்லா பெட்டியும் ஏத்திப் பாத்துருங்க. இருபத்தஞ்சு வயசுக்குக் கீழன்னா பெரும்பாலும் தினம் எக்ஸ்ட்ரா காசு கேப்பாங்க. சைல்ட் சீட்ட கொண்டு போங்க, அங்க நிறைய ஏர்லைன்ஸ்ல அதுக்குத் தனியா காசு கெடையாது. கிளம்புறதுக்கு முன்னாடி இங்க ஆர்டிஓ ஆஃபீஸ்லயே இன்டர்நேஷனல் பெர்மிட் வாங்கிக்கோங்க, ஒரு வருஷம் செல்லும், கூடவே ஒரிஜினல் லைசென்ஸும் கைல இருக்கணும்.

பெட்டி ஏத்துற விஷயத்துல அப்பா சொன்னது தான் இன்னிக்கும் எனக்குக் கணக்கு. கனமானது அடில, சீட்ட ஒட்டி. சீட்டு முதுகு உயரத்துக்கு மேல எதையும் அடுக்காதீங்க, பிரேக் போட்டா அது முன்னாடி பறந்து வரும். ரைஸ் குக்கர், புளியோதரை டப்பா, தண்ணி, அம்மாவோட மாத்திரை டப்பா இதெல்லாம் கடைசியா ஏத்துங்க, மொத ரெஸ்ட் ஏரியால கதவத் தொறந்ததும் கைல கெடைக்கணும்.