பழைய வீட்டுச் சுவருக்கு மர ஸ்கர்ட்டிங்: பொருத்துவதும் பெயின்ட் அடிப்பதும்

பெங்களூரில் அல்சூர், காக்ஸ் டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் சிவப்பு ஆக்சைடு தரையோடு சேர்த்தே சுவரடியிலும் நாலைந்து அங்குலம் பூசியிருப்பார்கள். அது விரிசல் இல்லாமல் இருந்தால் கையே வைக்காதீர்கள். பெயர்ந்து போயிருந்தால்தான் மர ஸ்கர்ட்டிங், அதாவது சுவரடியில் ஓட்டமாகப் பொருத்தும் பலகை.

முதல் வேலை ஓதம் பார்ப்பது. ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரடியில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அதைச் சரிசெய்யாமல் பலகை அடித்தால் பின்னால் மக்கிவிடும்.

சுவரடியில் பழைய ஆயில் பெயின்ட் இருந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து உப்புத்தாள் போடுங்கள். குழந்தைகள் அந்த அறைக்குள் வர வேண்டாம்.

அடுத்தது மரம். எம்.டி.எஃப். (மர இழையைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) விலை குறைவுதான், ஆனால் நம் வீட்டில் தினமும் தரை துடைக்கிறோமே! ஓரத்தில் ஒருமுறை நீர் ஏறி உப்பினால் பழையபடி ஆகாது. தேக்கு அல்லது டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) வாங்குங்கள், 4 அங்குல உயரம், 12 மி.மீ. கனம் போதும். வெட்டில் வீணாவதற்காகப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக எடுங்கள். தேக்கு என்றால் பொருத்துவதற்கு முன்பே பின்பக்கம், வெட்டுமுனை உட்பட எல்லாப் பக்கமும் வுட் பிரைமர் அடித்துவிட வேண்டும். பலரும் பின்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள், மரம் வளைவது அதனால்தான்.

இனி பொறுமை வேண்டிய இடம். பழைய வீட்டில் எந்த மூலையும் சரியாக 90 டிகிரி இருக்காது. அதனால் உள்மூலையில் இரண்டு பலகையையும் 45 டிகிரியில் வெட்டிச் சேர்த்தால் இடைவெளி தெரியும். ஒரு பலகையைச் சுவர்வரை நேராக முட்டவிடுங்கள். மற்றதின் முனையை, முதல் பலகையின் முகப்பு வடிவத்துக்கு ஏற்பச் சிறு ரம்பத்தால் வெட்டிப் பொருத்துங்கள். வெளிமூலைக்கு மட்டும் சாய்வெட்டு. அதற்கும் மூலையின் கோணத்தை அளந்து பாதியாக்கிக்கொள்ளுங்கள். தரை மேடு பள்ளமாக இருந்தால் பலகையை ரசமட்டம் பார்த்து நிறுத்தி, சிறு கட்டையின் மேல் பென்சிலை வைத்துத் தரையோடு இழுத்தால் அதன் நெளிவு அப்படியே பலகையில் விழும். அந்தக் கோட்டின்படி இழைப்புளியால் சீவுங்கள்.

சுண்ணாம்புப் பூச்சில் வெறும் ஆணி நிற்காது. இரண்டடிக்கு ஒரு துளை, அதற்குள் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பிளக், 2 அங்குல ஸ்க்ரூ. பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் போக வேண்டும். மெயினை அணைத்துவிட்டுத் துளையிடுங்கள், மின்சார பிளக் பாயின்டுக்கு நேர் கீழே வேண்டவே வேண்டாம். சுவர் உள்வாங்கிய இடத்தில் ஸ்க்ரூவை முறுக்கிப் பலகையை வளைக்காமல், பின்னால் மரச் சில்லு கொடுங்கள்.

அப்புறம் பெயின்ட். ஸ்க்ரூ தலையை உள்ளிறக்கி வுட் பட்டியால் மூடி, காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாள். மேல்விளிம்பில் தெரியும் சந்துக்கு அக்ரிலிக் சீலன்ட் போதும். சிலிகான் மேல் பெயின்ட் பிடிக்காது. தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, சாட்டின் எனாமல் இரண்டு கோட்டிங் அடியுங்கள். மழைக்காலத்தில் முதல் கோட்டிங்கை ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். இரண்டாவது பிசுபிசுப்பாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிடுங்கள், காய்ந்தபின் இழுத்தால் ஓரம் பெயர்ந்து வரும்.