‘கெட் இன்’, ‘கெட் ஆன்’ குழப்பம் தீர்ந்த வழி

தமிழில் எந்த வண்டியானாலும் ஏறுகிறோம், இறங்குகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு ஜோடி. பட்டியலை மனப்பாடம் செய்து பலனில்லை. உடம்பு என்ன செய்கிறது என்று கவனித்ததும்தான் எனக்குப் பிடிபட்டது.

காரில் குனிந்து நுழைந்து நேரே சீட்டில் உட்காருகிறோம், நிமிர்ந்து நிற்க இடமில்லை. அதற்கு ‘கெட் இன்’. இறங்க ‘கெட் அவுட் ஆவ்’. பஸ், ரயில், விமானத்துக்குள் நின்று நடக்கலாம். அவற்றுக்கு ‘கெட் ஆன்’. இறங்க ‘கெட் ஆஃப்’. சைக்கிள், குதிரை மேல் உட்காருவதும் ‘ஆன்’தான். சின்னப் படகு காரோடு சேரும். எழுதும்போது கவனம்: ‘ஆவ்’வில் ஒரு எஃப், ‘ஆஃப்’பில் இரண்டு.

நம்மிடம் அதிகம் விழும் பிழை, ‘கெட் டவுன் ஃப்ரம் த பஸ்’. இறங்குவது என்றதும் ‘டவுன்’ தானாக வந்துவிடுகிறது. ஏணி, மரம், மேஜை போன்ற உயரத்திலிருந்து இறங்கத்தான் ‘கெட் டவுன்’. பஸ்ஸுக்கு ‘கெட் ஆஃப் த பஸ்’, நடுவில் ‘ஃப்ரம்’ வேண்டாம்.

‘போயிட்டு வரேன்’ என்பதையும் ‘கோ அண்ட் கம்’ ஆக்காதீர்கள். ‘ஐ வில் பி பேக்’ போதும். ‘ரிட்டர்ன் பேக்’கில் ‘பேக்’ மிகை.