பழைய கிட், புதிய கிட்: ஒரே மாற்றம் இருவிதமாகத் தெரிந்தால் செய்ய வேண்டியவை

கோத்தகிரிப் பகுதிச் சிறு தேயிலை விவசாயிகளின் பசுந்தேயிலை எடைப் பதிவுகளை உரைக்கோப்புகளாகக் கிட்டில் (Git, கோப்புகளின் மாற்றங்களைத் தொடர்ந்து பதிந்துவைக்கும் மென்பொருள்) வைத்திருக்கிறோம். அரவேனுவிலுள்ள கணினியில் உபுண்டு 16.04 தந்த கிட் 2.7.4-உம், கட்டபெட்டில் உபுண்டு 22.04 தந்த 2.34.1-உம் இருப்பதால், அதே இரண்டு கமிட்டுகளை (சேமித்துவைத்த நிலைகளை) ஒப்பிட்டாலும், வேறுபாடுகளைக் காட்டும் டிஃப் கட்டளையின் வெளியீடு வேறுபட்டது. கமிட்டின் முழு அடையாள எண் இரு இடத்திலும் ஒன்றாக இருந்தால் தரவும் ஒன்றே. அதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, டிஃப் கட்டளையுடன் ‘ஃபுல்-இண்டெக்ஸ்’ விருப்பத்தைச் சேருங்கள். டிஃப் வெளியீட்டில் முன்பு 7 எழுத்தாகச் சுருக்கப்பட்ட கோப்பின் அடையாளக் குறியீடு, கிட் 2.11 முதல் களஞ்சியத்தின் (கோப்புகளும் அவற்றின் வரலாறும் உள்ள தொகுப்பின்) அளவுக்கேற்ப நீள்கிறது. ‘நோ-ரீனேம்ஸ்’ விருப்பமும் தேவை. 2016இல் வந்த 2.9 முதல் பெயர் மாறிய கோப்பைக் கிட் தானாகவே கண்டுகொள்கிறது, பழைய கிட்டோ ஒரு கோப்பை நீக்கி இன்னொன்றைச் சேர்த்ததாகவே காட்டும்.

சிக்கல் தீராமல் நிற்பது மூன்றாவது படியில்தான். எங்கள் கோப்பில் ஒவ்வொரு விவசாயிக்கும் ‘பதிவு:’ என்ற வரியும், அதன்கீழ் உள்தள்ளிய பெயர், எடை வரிகளும் உண்டு. நடுவில் ஒரு பதிவைச் சேர்த்தால், பழைய கிட் சேர்த்த பதிவின் ‘பதிவு:’ வரியை விட்டுவிட்டு, அடுத்தவருடைய ‘பதிவு:’ வரி வரை கூட்டல் குறி இடுகிறது, 2.14 முதல் உள்தள்ளலைக் கணக்கில் கொள்வது இயல்பிருப்பாகிவிட்டதால், புதிய கிட் பதிவின் தலைவரியிலிருந்தே குறியிடுகிறது. கூட்டப்பட்ட வரிகளின் எண்ணிக்கை மாறாது; இரண்டும் கோப்பில் அதே மாற்றத்தைச் செய்யும் சரியான ஒட்டுகளே (பேட்ச்). வெளியீட்டை ஒன்றாக்க, ‘நோ-இண்டென்ட்-ஹியூரிஸ்டிக்’ விருப்பத்தைப் புதிய கணினியில் மட்டும் கொடுங்கள். 2.11க்கு முந்தைய கிட் அதை அறியாது. பிழை காட்டி நின்றுவிடும்.

இந்த விருப்பங்களைக் கிட்டின் அமைப்புக் கோப்பில் எழுதிவைப்பதைவிட, கட்டளையிலேயே கொடுத்து ஒரு சிறு ஸ்கிரிப்டாக (கட்டளைகள் எழுதிய கோப்பாக) வைப்பதையே நான் வலியுறுத்துவேன். ஏனெனில் அமைப்பு அந்தந்தக் கணினியோடு தங்கிவிடும், ஸ்கிரிப்டோ களஞ்சியத்தோடு சேர்ந்து பயணிக்கும்.

பின்சேர்க்கை: தமிழ்க் கோப்புப் பெயர்கள் 340, 256 என எண்களாகத் தெரிவதாகக் குன்னூர் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அது பதிப்பு வேறுபாடு அன்று, ‘கோர்.கோட்பாத்’ அமைப்பை ‘ஃபால்ஸ்’ என மாற்றினால் பெயர்கள் தமிழிலேயே தெரியும். இரு கணினிகளிலும் மாற்றுங்கள். ஒன்றில் மட்டும் மாற்றினால் வெளியீடு மீண்டும் வேறுபடும்.