ஆவரசை வளவில் வளர்த்தல்

மரத்தைத் துளைக்கும் பெரிய காட்டுத் தேனீக்களான கருவண்டுகளுக்காக வளவில் ஒரே ஒரு காட்டுச்செடிக்கு இடம் கொடுப்பதானால், ஆவாரை என்றும் சொல்லப்படும் ஆவரசையே நான் சொல்வேன். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் உரிய இச்செடி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையில் வேரூன்றிவிட்டால், அதன்பின் வரும் நீண்ட கோடையைத் தாங்கி நிற்கும்.

பலரும் தவறுவது விதையில்தான். முற்றிப் பழுப்பேறி, குலுக்கினால் கலகலக்கும் தட்டைக் காய்களையே பறிக்க வேண்டும். விதைத்தோல் மிகக் கடினமானது. அப்படியே புதைத்தால் பல விதைகள் மாதக்கணக்கில் முளையாமல் கிடக்கும். ஆகவே கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறவிட்டு, அதில் விதைகளை இட்டு விடியும்வரை ஊறவிடுங்கள். காலையில் பருத்திருப்பவற்றை உடனே விதைக்கலாம். பருக்காதவற்றின் ஒரு பக்கத்தைக் கரடான கல்லில் மெல்ல உரசி மீண்டும் ஊறவிடலாம்.

ஐப்பசியின் முதல் மழையோடு, வெயில் நன்றாக விழும் இடத்தில், அரை அங்குல ஆழத்தில், நான்கடி இடைவெளி விட்டு நேரடியாக நிலத்திலேயே விதையுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடியாதலால் பிடுங்கி நட்டால் பட்டுப்போகக்கூடும். செம்மண்ணிலும் மணலிலும் வளரும். மாரியில் வெள்ளம் தேங்கும் பள்ளம் மட்டும் ஆகாது. எரு வேண்டியதில்லை. முதற் கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றி, ஆடுமாடு மிதியாமல் ஓலையால் அடைத்தால் போதும். சுண்ணாம்புக்கல்லில் தங்கிய மழைநீரையே கிணறுகளில் அள்ளிக் குடிக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டில், அடுத்த கோடைகளில் தண்ணீர் கேளாத செடி பெரிய உதவி.

இதன் மஞ்சள் பூவில் தேன் இல்லை, மகரந்தம் மட்டுமே உண்டு. அதுவும் மகரந்தப்பையின் நுனியிலுள்ள சிறு துளை வழியாகவே வெளிவரும். கருவண்டு பூவைக் கால்களால் இறுகப் பற்றி, சிறகை விரிக்காமல் உடலை அதிரவைக்கும்போது, அதன் இரைச்சல் திடீரெனக் கூர்மையாகி, மகரந்தம் வயிற்றில் தூளாகக் கொட்டுவதை அருகில் நின்றால் காணலாம். கத்தரிப் பூவிலும் மகரந்தம் இவ்வாறே அடைபட்டிருக்கிறது. பெட்டியில் வளர்க்கும் தேனீயால் அப்படி அதிரவைக்க இயலாது. ஆதலால் கத்தரித் தோட்டத்து வேலியோரமே ஆவரசுக்கு ஏற்ற இடம் என்பது என் கருத்து.

கருவண்டு காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடமைப்பதால், பட்ட கட்டைகள் சிலவற்றை எரிக்காமல் வேலியோரம் விட்டுவையுங்கள். தேனுக்கு வரும் பூச்சிகளுக்காக, அடியில் தானாக முளைக்கும் தும்பையையும் பிடுங்காதீர்கள். இலையைத் தின்னும் பச்சைப் புழுக்கள் வெளிர்நிற வண்ணத்துப்பூச்சிகளாக மாறுபவை. அவற்றுக்கு மருந்தடித்தால் வண்டுகளும் மடியும், விட்டுவிட்டாலோ இலை மீண்டும் துளிர்க்கும். பூத்தோய்ந்தபின் நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டி, அடுத்த ஐப்பசி விதைப்புக்காகச் சில காய்களை மட்டும் செடியிலேயே முற்றவிடுங்கள்.