அல்பினிசம் உள்ளவர்களின் உரிமையைக் காப்பது எப்படி: வெயிலிலும் கரும்பலகையிலும் தொடங்குங்கள்

தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் நிறம் தருகிற மெலனின் பிறவியிலேயே குறைவாக இருப்பதுதான் அல்பினிசம். அல்பினிசம், மனித உரிமை என்று இரண்டையும் சேர்த்துத் தேடினால் முதலில் வந்து விழுவது கொலைச் செய்திகள்தான். தான்சானியாவிலும் மலாவியிலும் மாந்திரீகத்துக்காகக் கையை வெட்டினார்கள், கல்லறையைத் தோண்டினார்கள் என்று வரும். அதெல்லாம் உண்மை, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் அதைப் படித்துவிட்டு "நல்லவேளை, இங்கே அப்படி எதுவும் இல்லை" என்று மூடிவைத்துவிடுகிறோமே, அங்கேதான் கோட்டைவிடுகிறோம். கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் பத்து வருடம் வகுப்பில் உட்கார்ந்து எழுந்து வருகிற பிள்ளைக்கும், வேறு வேலை கிடைக்காமல் உச்சி வெயிலில் நின்று இளம் வயதிலேயே தோல் புற்றுநோயை வாங்கிக்கொள்கிற மனிதருக்கும் பறிபோனது உரிமைதான். யாரும் கத்தி எடுக்கவில்லை, அதனால் செய்தியாகவில்லை.

சரி, எங்கே தொடங்குவது?

பிரசவ அறையில். குழந்தை வெளுத்த முடியோடும் தோலோடும் பிறந்ததும் முதல் கேள்வி தாயை நோக்கித்தான் வரும், "யாருடைய பிள்ளை இது?" என்று. இதனால் கணவன் விட்டுப்போன பெண்கள் பல நாடுகளிலும் உண்டு. அந்த நேரத்தில் அங்கே இருப்பவர் ஒரே ஒரு உண்மையைத் தெரிந்து வைத்திருந்தால் போதும்: தோல், முடி, கண் மூன்றிலும் தெரிகிற அல்பினிசம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் மரபணு வந்தால்தான் உண்டாகும். இருவருமே சாதாரண நிறத்தோடு இருக்கலாம், ஆனால் இருவரும் அந்த மரபணுவைச் சுமக்கிறார்கள். அப்படிப்பட்ட பெற்றோருக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் 4-இல் 1 வாய்ப்பு. அதாவது தாய்மேல் சந்தேகப்பட இதில் ஒன்றுமே இல்லை. மருத்துவரோ செவிலியரோ இதைத் தந்தையையும் பாட்டியையும் உட்காரவைத்து, தாயின் முன்னால் சொல்ல வேண்டும். தாயிடம் மட்டும் காதோடு சொல்லி அனுப்பினால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள்.

இது தொற்றாது, வெண்புள்ளி வேறு இது வேறு, அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்த மூன்றையும் எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் சொல்லிவையுங்கள்.

அடுத்தது பேச்சு. "அல்பினிசம் உள்ளவர்" என்று சொல்லுங்கள், அதைவிட நல்லது அவர் பெயரைச் சொல்வது. "வெள்ளையா", "வெள்ளைக்காரி" என்று பாசமாகத்தான் கூப்பிடுகிறோம் என்பார்கள். அந்தப் பாசத்தில் கூப்பிடப்படுகிறவருக்கு எவ்வளவு பங்கு என்று அவரையே கேட்டால் தெரிந்துவிடும். "பாதிக்கப்பட்டவர்", "அவதிப்படுகிறவர்" என்று எழுதுவதும் வேண்டாம்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் இழப்பது அங்கேதான், அதிகம் செலவில்லாமல் சரிசெய்யக்கூடியதும் அங்கேதான். அல்பினிசம் என்றாலே எல்லோருக்கும் தோல்தான் நினைவுக்கு வருகிறது, ஆனால் அந்தப் பிள்ளை தினமும் முட்டிமோதுவது கண்ணோடு. மெலனின் குறைவதால் விழித்திரையின் மையம் முழுமையாக வளர்வதில்லை, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புப் பாதையும் கொஞ்சம் மாறிப்போகிறது, அதனால் கண்ணாடி போட்டாலும் பார்வை முழுதாகத் தெளியாது. பலருக்கு 6/18-க்கும் 6/120-க்கும் நடுவில் எங்கோ நிற்கும், அதாவது மற்றவர் 18 மீட்டரிலிருந்தோ 120 மீட்டரிலிருந்தோ படிப்பதை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும். வெளிச்சம் கூசும், கண்விழி தானாக ஆடிக்கொண்டே இருக்கும். இதில் ஆசிரியர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு: தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தால் சில பிள்ளைகளுக்கு அந்த ஆட்டம் குறைந்து எழுத்துத் தெளியும். அதைப் பார்த்துவிட்டு "நேராகப் பார், என்ன கோணல்?" என்று தலையைத் திருப்பிவைக்கிற ஆசிரியர், நல்லெண்ணத்தோடுதான், பிள்ளையின் பார்வையைப் பிடுங்கிவிடுகிறார்.

ஆக, பெற்றோர் பள்ளிக்குப் போய் "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வரவே கூடாது. கண் மருத்துவரிடம் பார்வை அளவோடு ஒரு சான்று வாங்கிக்கொண்டு, என்ன வேண்டும் என்று தனித்தனியாக எழுதிக் கொடுங்கள்: முன்வரிசையில், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்காத இடம், பலகைக்கு அருகில் எழுந்துபோய்ப் படிக்க அனுமதி, ஆசிரியர் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது, வினாத்தாள் பெரிய எழுத்தில், தேர்வில் கூடுதல் நேரம், வகுப்புக்குள்ளும் தொப்பி, நிறக்கண்ணாடி, சீருடையில் முழுக்கை, திறந்தவெளியில் காலைக் கூட்டம் நடந்தால் நிழலில் நிற்க அனுமதி. நகல் ஒன்றைத் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் மாறினால் கதை முதலிலிருந்து தொடங்கும், அப்போது இந்தத் தாள்தான் பேசும். பிரெயில் படிக்கச் சொல்லி அனுப்பிவிடுவது சுலபமான வழி என்று சில பள்ளிகள் நினைக்கின்றன. உருப்பெருக்கியும் பெரிய எழுத்தும் இருந்தால் இவர்களில் மிகப் பலர் அச்சிலேயே படித்துவிடுவார்கள்.

"இதெல்லாம் சலுகை" என்று யாராவது சொன்னால் அவருக்கு ஒரு பதில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கை, 2006-இல் ஏற்கப்பட்டு 2008-இல் நடைமுறைக்கு வந்தது, ஒருவருக்குத் தேவையான நியாயமான ஏற்பாட்டை மறுப்பதையே பாகுபாடு என்று 2-ஆம் பிரிவில் சொல்கிறது. அல்பினிசம் உள்ள எல்லோருக்கும் தங்களை மாற்றுத்திறனாளி என்று சொல்லிக்கொள்ளப் பிடிக்காது, அது அவரவர் முடிவு. ஆனாலும் சட்டத்தைக் கையில் எடுக்கும்போது குறைபார்வை என்ற வாசல்தான் பல இடங்களில் திறந்திருக்கிறது.

எழுதிக் கொடுக்கிற இதே பட்டியல், இதே சான்று வேலை இடத்திலும் செல்லும். திரையில் எழுத்தைப் பெரிதாக்குவது, ஜன்னலுக்கு முதுகு காட்டி மேசையைப் போடுவது, வெளி வேலையைக் காலையிலோ மாலையிலோ மாற்றுவது, இவ்வளவுதான் கேட்க வேண்டியிருக்கும். "வாடிக்கையாளர் முன்னால் வேண்டாம், உள்ளே இருக்கட்டும்" என்று முதலாளி சொன்னால் அது ஏற்பாடு அல்ல, ஒதுக்கல்; சொன்ன தேதியையும் வார்த்தையையும் குறித்துவையுங்கள்.

இப்போது வெயில். குறைந்தது எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30 உள்ள, இரண்டு வகைப் புற ஊதாக் கதிரையும் தடுக்கிற களிம்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. காது, பிடரி, உதடு மூன்றையும் எல்லோரும் மறக்கிறார்கள், புண் வருவதும் பெரும்பாலும் தலையிலும் கழுத்திலும்தான். அகலமான விளிம்புத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் களிம்பைவிட நம்பகமானவை, ஏனென்றால் அவை வியர்வையில் கரைவதில்லை. சில வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் தோல் மருத்துவரிடம் போகத் தள்ளிப்போடக் கூடாது. சீக்கிரம் பிடித்தால் சின்ன அறுவையோடு போய்விடும். ஆனால் இதை வெறும் ஆரோக்கியக் குறிப்பாக நிறுத்திவிடாதீர்கள். பல நாடுகளில் இந்தக் களிம்பு அழகுசாதனப் பட்டியலில் இருக்கிறது, முகப்பூச்சுக்கு உள்ள வரியே இதற்கும். இவர்களுக்கு இது மருந்து. கென்யாவில் அரசே இலவசமாகக் கொடுக்கிறது, தான்சானியாவில் இவர்களுக்கென்றே உள்ளூரில் தயாரிக்கிறார்கள். உங்கள் மக்கள் பிரதிநிதிக்கு ஒரு கோரிக்கை எழுதுவதென்றால் இதிலிருந்து தொடங்குங்கள். கூடவே, கணக்கெடுப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். கென்யா 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனியாகக் கேட்டதால்தான் 9,729 பேர் என்று ஒரு எண் கிடைத்தது. எத்தனை பேர் என்றே தெரியாதவர்களுக்கு எந்த நிதிநிலை அறிக்கையிலும் பணம் ஒதுக்கமாட்டார்கள்.

சரி, ஆபத்து வந்தால்? அல்பினிசம் உள்ள ஒருவரைப் பற்றி "அதிர்ஷ்டம்", "விலை", "மருந்து" என்று யாராவது பேசுவது காதில் விழுந்தால், அல்லது பழக்கமில்லாத ஆட்கள் பிள்ளையைப் பற்றி விசாரித்தால், சும்மா பேச்சு என்று விடாமல் உடனே காவல்துறையில் எழுத்தில் கொடுங்கள். பல தாக்குதல்களில் உறவினரோ தெரிந்தவரோ சம்பந்தப்பட்டிருக்கிறார்கள் என்பதால் அந்தப் பிள்ளையின் தினசரி வழி, நேரம் இவற்றை நம்பிக்கையான சிலரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பள்ளிக்குக் கூட்டமாகப் போகவையுங்கள். ஒன்று மட்டும் கவனம்: தான்சானியாவில் பிள்ளைகளைப் பாதுகாக்க விடுதிகளில் சேர்த்தார்கள், உயிர் தப்பியது, ஆனால் பலர் வருடக்கணக்கில் தாய் தகப்பனைப் பார்க்காமல் வளர்ந்தார்கள். பாதுகாப்பு என்று ஒருவரை அப்புறப்படுத்தினால், அன்றைக்கே அவர் திரும்பி வரும் நாளைப் பற்றியும் பேசுங்கள்.

உள்நாட்டில் வழக்கு நகரவில்லை என்றால் வெளியே இரண்டு கதவுகள் உண்டு. ஐநா மனித உரிமைகள் மன்றம் 2015-இல் அல்பினிசத்துக்கென்றே தனி நிபுணர் பதவியை உருவாக்கியது. முதலில் இக்போன்வோசா ஏரோ, 2021 முதல் முலுக்கா ஆன் மிட்டி டிரம்மண்ட். அவருக்குப் புகார் அனுப்பலாம், அவர் அந்த அரசுக்குக் கடிதம் எழுதிக் கேட்பார். உள்நாட்டு நீதிமன்றங்களை முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பதில்லை. பாதிப்புக்கு உள்ளானவரின் சம்மதம் மட்டும் கண்டிப்பாக வேண்டும். இன்னொன்று மேலே சொன்ன உடன்படிக்கையின் குழு. தனிநபர் புகாரை அனுமதிக்கிற அதன் துணை ஒப்பந்தமான விருப்ப நெறிமுறையை உங்கள் நாடு ஏற்றிருந்தால்தான் இது திறக்கும். தான்சானியாவில் 2010-இல் விறகு எடுக்கப் போனவரின் இடது கையை வெட்டினார்கள், உள்ளூரில் வழக்கு முன்னேறவில்லை, அவர் 2014-இல் இந்தக் குழுவுக்கு எழுதினார், 2017-இல் அரசு உரிமை மீறியது என்று தீர்ப்பு வந்தது. வெட்டியது தனிநபர்கள், நாங்கள் என்ன செய்ய என்று அரசு கையை விரிக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். இரண்டு கதவுக்கும் தேதிவாரியான குறிப்பு, மருத்துவச் சான்று, காவல்துறைக்குக் கொடுத்த மனுவின் நகல் இவை தேவை. பள்ளியில் பழகிய அதே பழக்கம்தான்.

கடைசியாக, ஜூன் 13. ஐநா பொதுச்சபை 2014 டிசம்பரில் முடிவெடுத்து, 2015 முதல் அன்றைக்குத்தான் சர்வதேச அல்பினிசம் விழிப்புணர்வு நாள். நிகழ்ச்சி வைப்பவர்களுக்கு மூன்று வேண்டுகோள்: அழைப்பிதழைப் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள், பேச அல்பினிசம் உள்ளவர்களையே கூப்பிடுங்கள், பிள்ளைகளைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் படம் எடுத்து, ஊர்ப் பெயரோடு இணையத்தில் போடாதீர்கள். அப்புறம், விழிப்புணர்வு ஊர்வலம் என்று பகல் பன்னிரண்டு மணிக்கு அவர்களை நடுரோட்டில் நடக்கவைக்காதீர்கள். மாலை நான்கு மணிக்கு மேல் வையுங்கள்.